தலைவர் வருகிறார், பஸ்ஸை ஒதுக்குங்கள்

பசறைப் பக்கம் பாதை கேட்டு நடக்கிற கூட்டங்களில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பாதை வேண்டுமென்று மேசையைத் தட்டுகிறவரும் பாதையைப் போட்டுக் கொடுத்திருக்க வேண்டியவரும் ஒரே ஆள்தான். “என் மக்களுக்கு ஒரு நல்ல பஸ் இல்லையே!” என்று அவர் குரல் தழுதழுக்கும்போது பிளாஸ்டிக் கதிரையில் இருக்கிற சனம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறது. நம்மைப் பார்த்துக் கேட்கிறாரே, நாம்தான் அந்த பஸ்ஸை எங்கேயாவது ஒளித்து வைத்திருக்கிறோமா?

இந்தத் தலைவருக்கு நான் பெயர் வைக்கவில்லை. வைத்தால் ஒருவர் மாட்டிக்கொண்டு மற்றவர்கள் தப்பிவிடுவார்கள். சேவலோடு கூவியவர், யானையில் ஏறியவர், மொட்டில் மலர்ந்தவர், தொலைபேசியில் பேசியவர், இப்போது திசைகாட்டியைக் கையில் வைத்திருப்பவர் என்று எல்லோரையும் ஒன்றாய்ப் போட்டுப் பிசைந்தால் யார் வருவாரோ அவர்தான் இவர். பதுளை மாவட்டத்துத் தோட்டச் சனத்துக்கு அடையாளம் சொல்லத் தேவையில்லை. வெள்ளை உடுப்பு, கறுப்புக் கண்ணாடி, பின்னால் கமராக்காரப் பையன்.

காலை ஒன்பது மணிக்கு வருவார் என்று துண்டுப்பிரசுரம் சொல்லும். பதினொன்றரைக்கு வருவார். அதுவரை மலையிலிருந்து இறக்கிவரப்பட்ட பெண்கள் கோயில் வாசலில் நிற்பார்கள். அன்று அவர்களுக்கு அரைப்பேர்தான். போன அரைநாள் சம்பளத்துக்கு ஈடாக ஆளுக்கொரு பால்பைக்கட் கொடுக்கப்படும். தோட்டத்துப் பாதை ஒரு வாகனம் போகத்தான் அகலம். ஆகவே நான்கு ஜீப்பும் இரண்டு வேனுமாக ஏறி வருகிற ஊர்வலத்துக்கு இடம்விட, அந்தப் பாதையில் ஓடுகிற ஒரே பஸ்ஸைக் கானுக்குள் டயர் இறங்க ஓரங்கட்டி நிறுத்துவார்கள். உள்ளே நெருக்கியடித்து நிற்கிறவர்கள், பொதுப் போக்குவரத்தை மேம்படுத்தப் போகிற மனிதர் கண்ணாடி ஏற்றிய வண்டியில் தங்களைக் கடந்து போவதைப் பார்ப்பார்கள். அவரும் கையசைப்பார். குளிரூட்டி போட்ட வண்டியாதலால் குரல் கேட்காது.

தீர்வை இல்லாமல் வாகனம் இறக்க அனுமதிப்பத்திரம் வாங்கிய பரம்பரை இது. குழி விழுந்த பாதையில் போகத்தானே அந்த உயரமான ஜீப்? பாதை நன்றாக இருந்தால் அந்த ஜீப்புக்கு என்ன நியாயம் சொல்வது?

முதல் தரிசனம் பிள்ளைக் காம்பராவுக்கு. ஒரு குழந்தையைத் தூக்குவார். குழந்தை அழும். அழாத குழந்தை ஒன்றை மாற்றிக் கொடுப்பார்கள். வண்ணப் பென்சில் பெட்டி ஒன்று, அதன் மேல் அவர் முகம். “பாப்பா பெரிய ஆளாகி என்னவாகப் போறீங்க?” என்று கேட்பார். “டொக்டர்” என்று பிள்ளை சொல்லும், சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கைதட்டல். அந்தப் பிள்ளை பத்து வருடம் கழித்து உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க பசறை டவுனுக்கோ பதுளைக்கோ தினமும் போய்வர வேண்டும் என்பதையும், பின்னேர வகுப்பு முடிகிற நேரத்துக்கு மேலே ஏறுகிற பஸ் இருக்காது என்பதையும் அங்கே யாரும் எடுத்துப் பேசமாட்டார்கள். நல்ல காரியம் நடக்கிற இடத்தில் அபசகுனம் எதற்கு?

அடுத்தது டிஸ்பென்சரி. அங்கே கிளினிக் கொப்பியைச் சேலை முந்தானையில் சுற்றி வைத்திருக்கிற ஒரு அம்மா எப்போதும் இருப்பார். எல்லாத் தோட்டத்திலும் இருப்பார்.

“என்னம்மா, மருந்தெல்லாம் ஒழுங்கா கெடைக்குதா?”

“மருந்து கெடைக்குதுங்க ஐயா. பஸ்ஸுதான் கெடைக்க மாட்டேங்குது. பிரஷர் கிளினிக்குக்கு விடிய அஞ்சு மணிக்கே நடந்தாத்தான் நம்பர் கெடைக்கும். வரும்போது ஆட்டோவுக்குக் குடுத்தா அன்னைக்கு ஒரு பேர் காசு அப்படியே போயிருதுங்க.”

“அதுக்குத்தானம்மா நான் போராடிக்கிட்டு இருக்கேன்.”

“எத்தன வருசமாங்க ஐயா போராடுறீங்க?”

இந்த இடத்தில் செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஐயாவுக்கு அடுத்த தோட்டத்தில் நேரமாகிவிட்டது. அந்த அம்மாவுக்கு ஒரு பொன்னாடை போர்த்தப்படும். வயதான தாய்க்குக் கௌரவம் என்று முகப்புத்தகத்தில் படம் போகும். கேள்வி போகாது.

பிறகு சனசமூக நிலையம். கதவைத் திறந்தால் கதிரைகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் கொடுத்தவர் பெயர். எந்த வருடம் யார் ஆட்சி என்பதைக் கதிரையைத் திருப்பிப் பார்த்தே சொல்லிவிடலாம். போனவர் இருபது கொடுத்திருந்தால் இவர் முப்பது கொடுப்பார். உட்கார இத்தனை கதிரை கொடுத்தவர்கள், எழுந்து போக ஒரு பஸ் கொடுத்திருக்கலாம். கதிரைக்கு அடுத்தது தகரம். கூரைத் தகரத்துக்கு மலையகத்தில் ஆயுள் ஒரு தேர்தல். அடுத்த தேர்தலுக்குள் அது துருப்பிடிக்க வேண்டும் என்பது எழுதப்படாத ஒப்பந்தம்.

இவ்வளவும் சிரிக்கத்தான். சிரிப்பு நின்றுபோகிற இடம் 13ஆம் கட்டை.

2021 மார்ச் 20, சனிக்கிழமை காலை. லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட தனியார் பஸ் ஒன்று பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்துக்குள் பாய்ந்தது. அன்றைய கணக்கில் மட்டும் 14 உயிர். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் காயம். சரிந்து விழுந்த ஒரு பெரிய பாறை வீதியின் ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. எதிரே டிப்பர் ஒன்று வந்தது. டிப்பருக்கும் பள்ளத்துக்கும் நடுவே மிச்சமிருந்த இடத்தால் பஸ் போகப் பார்த்தது. போக முடியவில்லை. பஸ் விழுந்த அந்தக் கணம் கமராவில் பதிவாகி நாடு முழுக்க ஓடியது.

விபத்து என்றார்கள். சாரதி கவனமாக இருந்திருக்க வேண்டும் என்றார்கள். அந்தச் சாரதியும் செத்துப்போனவர்களில் ஒருவர், ஆகவே மறுத்துப் பேச அவர் வரவில்லை. பாறை ஏன் அங்கே கிடந்தது என்று கேட்டவர்களுக்கு, அது மேலேயிருந்து விழுந்தது என்ற புவியியல் பதில் கிடைத்தது. விழுந்ததை யாரும் குற்றம் சொல்லவில்லை ஐயா. மலையென்றால் கல் விழும். விழுந்த கல்லை எடுக்கத்தானே ஒரு திணைக்களம், ஒரு அதிகார சபை, ஒரு அமைச்சு, அதற்கு மேல் ஒரு இராஜாங்க அமைச்சு? அந்தக் கல்லைக் கடந்து எத்தனை அரச வாகனம் போயிருக்கும்? எத்தனை தலைவர்கள் கண்ணாடிக்குள்ளிருந்து அதைப் பார்த்திருப்பார்கள்? பார்த்துவிட்டு, “இந்தப் பாதையில எப்படித்தான் சனம் போகுதோ” என்று பக்கத்தில் இருந்தவரிடம் பரிதாபப்பட்டிருப்பார்கள். பரிதாபம் கல்லை நகர்த்தாது. அதற்கு ஒரு பெக்கோ இயந்திரமும் அதை அனுப்பச் சொல்லி ஒரு தொலைபேசி அழைப்பும் போதும்.

செத்த வீட்டுக்கு மட்டும் எல்லோரும் வந்தார்கள். அன்றைக்கு அந்தப் பாதையில் எத்தனை வாகனம் வேண்டுமானாலும் வந்து போக முடிந்தது.

அந்த வீதி ஒன்றும் தோட்டத்து மண்பாதை இல்லை. பேராதனையில் தொடங்கி பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை வழியாக மட்டக்களப்புப் பக்கம் செங்கலடி வரை போகிற ஏ-5 நெடுஞ்சாலை. நேரடியாக வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. தெளிவான சொந்தக்காரர் இருக்கிற பாதைக்கே இந்தக் கதி என்றால், சொந்தக்காரர் யாரென்று தெரியாத பாதைகளின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. நமுனுகுலை, மடுல்சீமை, கோணக்கலை என்று எந்தப் பக்கம் ஏறினாலும் ஒரு வளைவுக்கு ஒரு சட்டம். இந்தத் துண்டு மாகாண சபையுடையது. அந்தப் பாலம் வரை பிரதேச சபை. பாலத்துக்கு அப்பால் கம்பனி. கம்பனியிடம் போனால், காணி அரசாங்கத்துடையது, நாங்கள் குத்தகைக்காரர் என்று சொல்லும். அரசாங்கத்திடம் போனால், 1992லேயே நிர்வாகத்தைக் கம்பனிக்குக் கொடுத்துவிட்டோம் என்று சொல்லும். பிரதேச சபையிடம் போனால் ஒரு சட்டப் புத்தகத்தை எடுத்து வைப்பார்கள்.

அந்தப் புத்தகத்தின் கதை தனி. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் பணம் தோட்டத்துக்குள் போகாமல் குறுக்கே நின்றது. தோட்டத்துச் சனம் வாக்குப் போடலாம், உறுப்பினரைத் தெரிவு செய்யலாம், தெரிவான உறுப்பினர் தோட்டத்துக்கே வந்து மாலை வாங்கிக்கொள்ளலாம். அவர் ஒரு மதகு போட மட்டும் வழியில்லை. வாக்குப்பெட்டி தோட்டத்துக்குள் வரலாம், கல்லும் மணலும் வரக்கூடாது. 1948ல் பறித்த குடியுரிமையைக் கெஞ்சியும் போராடியும் 2003ல் முழுதாக வாங்கி முடித்த சனத்துக்கு, இந்த 33ஆம் பிரிவைத் திருத்திக் கொடுக்க 2018 ஆனது. முப்பத்தொரு வருடம். அதற்குள் எத்தனை மலையகத் தலைவர்கள் அமைச்சரானார்கள், எத்தனை பேர் அரசாங்கங்களைக் கவிழ்க்கவும் காப்பாற்றவும் கணக்குக் கூட்டினார்கள் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

சரி, சட்டம் திருந்தியது. இப்போது சபைக்கு அதிகாரம் இருக்கிறது, பணம் இல்லை. முன்பு பணம் இல்லாததற்குச் சட்டத்தைக் காட்டினார்கள். இப்போது சட்டம் வேலை செய்யாததற்குப் பணத்தைக் காட்டுகிறார்கள்.

மாகாண சபையைச் சொல்லாமல் விடக்கூடாது. மாகாணத்து வீதியும் மாகாணத்துக்குள் ஓடுகிற பஸ்களின் அனுமதியும் அதன் கையில். ஊவா மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 செப்டம்பர் 20ஆம் திகதி. ஐந்து வருடம் ஓடி 2019ல் அதன் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு ஆளுநர்தான். ஏன் தேர்தல் இல்லை? 2017ல் முறையை மாற்றுகிறோம் என்று சட்டம் கொண்டுவந்தார்கள், எல்லை நிர்ணயம் செய்தார்கள், அந்த அறிக்கையை 2018 ஓகஸ்ட்டில் பாராளுமன்றத்தில் வாக்குக்கு விட்டார்கள். எதிராக 139. ஆதரவாக ஒன்றுமில்லை. அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சரே அதற்கு எதிராக வாக்களித்தார். தான் பெற்ற பிள்ளைக்குத் தானே பேர் வைக்க மறுத்த இந்த வீரத்தை வேறு எந்த நாட்டுப் பாராளுமன்றத்தில் காணமுடியும்? கட்சி பேதமில்லாத ஒற்றுமை இல்லை என்று இந்த நாட்டைப் பற்றி யார் சொன்னது? தேர்தல் வேண்டாம் என்றால் சிங்களம், தமிழ், முஸ்லிம், மலையகம் எல்லாம் ஒன்று.

ஆகவே இன்றைக்குப் பசறையில் ஒரு மாகாண வீதி இடிந்தால், அதற்காகத் திட்டு வாங்க மக்கள் தெரிவு செய்த ஒரு ஆள்கூட இல்லை. தோற்கடிக்கக்கூட ஒருவர் இல்லாமல் போனதுதான் பெரிய கொடுமை.

அந்தக் கடைசித் தேர்தலைப் பற்றி ஒரு கணக்கு. வாக்களிப்பு 2014 செப்டம்பர் 20. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது ஒக்டோபர் 29. நடுவில் நாற்பது நாள்கூட இல்லை. சரியக்கூடிய இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. ஒரு மாகாணமே திரண்டு பிரசாரம் செய்த அந்தப் பருவத்தில், அந்த எச்சரிக்கைக் காகிதத்தை ஒரு மேடையிலாவது எடுத்து வாசித்தார்களா? மண்ணுக்குள் போன பிறகு ஹெலிகொப்டர் வந்தது, ஜனாதிபதி வந்தார், வரிசையாய் அமைச்சர்கள் வந்தார்கள். பிழைத்தவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் முடங்கிக் கிடக்க, வீடு கைக்கு வர இரண்டு வருடம் எடுத்தது.

இந்த மலையில் பாதை போட முடியாது, நிலம் அப்படி, மழை அப்படி என்று பொறியியல் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டுக்கொள்கிறேன். அப்புறம் தெமோதரையைப் பார்க்கிறேன். உயர வித்தியாசத்துக்கு அஞ்சாமல், ரயில் பாதையைச் சுற்றி வளைத்து, அது தன் அடியில் தானே சுரங்கத்துக்குள் போகிற மாதிரிப் போட்டிருக்கிறான் வெள்ளைக்காரன். ஒன்பது வளைவுப் பாலம் 1921ல் எழும்பியது. 1924ல் ரயில் பதுளைக்கு வந்துவிட்டது. ஏன் வந்தது? தேயிலைப் பெட்டி கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. தோட்டத்துப் பாதைகளும் அப்படித்தான். கொழுந்து லொறி எந்த நிறுவை மடுவத்துக்குப் போக வேண்டுமோ அந்த வளைவில் பாதை போகும், தொழிற்சாலை வாசலில் நிற்கும். ஆஸ்பத்திரி எந்தத் திசையில் என்று அந்தப் பாதைக்குத் தெரியாது, கேட்டுப் போட்டதும் இல்லை. கொழுந்து வாடிவிடும் என்ற அவசரம் துரைமாருக்கு இருந்தது. பிரசவ வலியில் துடிக்கிற பெண்ணுக்காக அந்த அவசரம் இந்த நூறு வருடத்தில் எந்தத் துரைக்கும் வரவில்லை. வெள்ளைத் துரை போய், அரசாங்கத் துரை போய், கம்பனித் துரை வந்து, கடைசியில் நம்ம ஊர்த் துரை மாலையோடு வந்து நிற்கிறார். ஒன்பது வளைவுப் பாலத்தில் இன்றைக்குப் படம் எடுக்க உலகமே வருகிறது. நம்ம தலைவரும் எடுத்துக்கொண்டார், ‘நம் மண்ணின் பெருமை’ என்று ஒரு வரியும் போட்டார். பாலத்துக்குக் கல் சுமந்தவன் பெருமை யாருக்கு என்று கேட்டால் அரசியல் பேசாதே என்பார்கள்.

1990 இலக்க அம்புலன்ஸ் நல்ல சேவை. மறுக்கவில்லை. இந்திய உதவியில் 2016ல் மேற்கிலும் தெற்கிலும் தொடங்கி, பிறகு ஊவாவுக்கும் வந்தது. அழைத்தால் வரும். சந்தி வரை வரும். சந்தியிலிருந்து மேல் டிவிசனுக்கு? அங்கேதான் சேலையும் நாலு தோளும் வேலை செய்கின்றன. இல்லாவிட்டால் கொழுந்து லொறி. அம்புலன்ஸ் தொடங்கியதற்கு விழா வைத்தவர்கள், அது திரும்பிப்போக வேண்டியிருக்கிற சந்திக்கும் ஒரு விழா வைத்து, “இதுவரை இலவச சேவை, இதற்கு மேல் உங்கள் தோள்” என்று ஒரு பலகை நாட்டியிருக்கலாம். திரைச்சீலை இழுத்துத் திறக்கத் தலைவர் வருவார்.

பஸ்ஸைப் பற்றிப் பேசும்போது தமிழ்நாட்டு நீலகிரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் எண்ணி எடுத்துக் கப்பலேற்றிய நம் சனத்தில் ஒரு பகுதி அங்கேதான் போய் இறங்கியது, தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்தே பறித்தது. அவர்கள் சொர்க்கத்துக்குப் போகவில்லை, அங்கேயும் லயம்தான், அங்கேயும் கடன்தான். ஆனால் 1997லேயே கிராமத்துக்குள் போகிற மினி பஸ் திட்டம் அங்கே வந்துவிட்டது. 2021லிருந்து பெண்களுக்கு அரசின் சாதாரண நகரப் பஸ்ஸில் கட்டணமில்லை, 2024ல் அது மலைப்பாதைப் பஸ்களுக்கும் வந்தது. ஒரே பாட்டியின் இரண்டு பேத்திமார். ஒருத்தி ஊட்டி மலையில் காசில்லாமல் பஸ் ஏறுகிறாள். இன்னொருத்தி நமுனுகுலைச் சரிவில் ஆட்டோக்காரனிடம் பேரம் பேசுகிறாள். அங்கேயுள்ள அரசியல்வாதி நல்லவன் என்று சொல்லவில்லை. அங்கே வாக்குக்குப் போட்டி அதிகம், அதனால் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. இங்கே ஒரு தகரத்தோடு முடிந்துவிடுகிறது.

நம்மிடம் அமைச்சுக்குக் குறைவில்லை. தோட்ட உட்கட்டமைப்பு, மலைநாட்டுப் புதிய கிராமங்கள், தோட்ட வீடமைப்பு மற்றும் சமுதாய உட்கட்டமைப்பு, நீர் வழங்கலோடு சேர்ந்த தோட்ட உட்கட்டமைப்பு, பெருந்தோட்டம் மற்றும் சமூக உட்கட்டமைப்பு. பெயர்ப்பலகை எழுதுகிறவனுக்கு வேலை கொடுத்த வகையில் இந்த அமைச்சுகளின் பங்களிப்பு பெரியது. ஒவ்வொரு பலகை மாறும்போதும் பழைய கோப்பு புதிய அலுமாரிக்குப் போகும். பசறைப் பாதைக் கோப்புகள் நம்மைவிட நல்ல வாகனத்தில், நம்மைவிட அதிக தூரம் பயணம் செய்திருக்கின்றன.

கட்சியை மாற்றிப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தோமே. 2020ல் எதிர்க்கட்சிப் பட்டியலில் அ. அரவிந்தகுமாரை பதுளை மாவட்டம் அனுப்பியது. அதே வருடம் ஒக்டோபரில் அரசாங்கத்தின் 20ஆம் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு ஆதரவாக அவர் கை உயர்ந்தது. பின்னாளில் இராஜாங்க அமைச்சரும் ஆனார். பிரதிநிதிகள் பாதை மாறுவதில் பிரச்சினையே இல்லை, அந்தப் பாதை எப்போதும் காபட் போட்டுத் தயாராக இருக்கிறது. 2024ல் மாவட்டமே திரும்பிப் படுத்தது. திசைகாட்டிச் சின்னத்தில் பதுளையிலிருந்து கிட்ணன் செல்வராஜ், அம்பிகா சாமுவேல் என்று இரண்டு மலையகத் தமிழர் பாராளுமன்றம் போனார்கள். நம் சமூகத்திலிருந்து முதன்முதலாகப் பாராளுமன்றம் போன இரண்டு பெண்களில் அம்பிகா ஒருவர். சந்தோசப்பட்டோம், பொய் சொல்லவில்லை. தோட்டத்துக்குப் பொறுப்பான அமைச்சு இதே பதுளை மாவட்டத்து உறுப்பினர் சமந்த வித்யாரத்ன கையில். “மேலே நம்ம ஆள் இல்லை” என்ற பழைய சாட்டு இனிச் செல்லாது. மேலேயும் நம்ம மாவட்டம், கீழேயும் நம்ம மாவட்டம். முந்தியவர்கள் எழுபத்தைந்து வருடம் கெடுத்தார்கள் என்ற புதிய சாட்டு கொஞ்ச நாள் ஓடும். ஓடட்டும். ஆனால் சாட்டில் ஏறி பதுளைக்குப் போக முடியாது.

ஏனென்றால் மலை யாருக்காகவும் காத்திருக்கவில்லை. 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தல், மே 11 கொத்மலை கரண்டியெல்லையில் இ.போ.ச. பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் பலி. செப்டம்பர் 4 எல்ல–வெல்லவாய வீதியில் தங்காலை நகர சபை ஊழியர்கள் சுற்றுலா போன பஸ் விழுந்து 15 பேர் பலி. நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து பதுளை மாவட்டத்தின் மலையை எல்லாப் பக்கமும் கிழித்துப் போட்டது. வீதியும் ரயில் பாதையும் அறுந்தன. இயற்கை அனர்த்தம்தான். அனர்த்தத்துக்கு முன்பே அறுந்து கிடந்த பாதைகளையும் சந்தடி சாக்கில் அந்தக் கணக்கில் எழுதிவிடுவதில்தான் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள். கொஞ்ச நாளில் பாருங்கள், 1990ல் போடாமல் விட்ட கொங்ரீட்டையும் டித்வாதான் அடித்துக்கொண்டு போனது என்பார்கள்.

சனம் கேட்கிறது என்ன? மெட்ரோ ரயிலா? காலையில் கிளினிக் நம்பருக்குப் போய்ச் சேருகிற மாதிரி ஒரு பஸ். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு ஒன்று. ஆடைத் தொழிற்சாலையிலோ கடையிலோ வேலை செய்கிற பிள்ளைகள் இருட்டில் நடக்காமல் வீடு வர, பசறையிலிருந்து கடைசியாய் ஒன்று. மழைக்காலத்தில் கானை வெட்டிவிட ஆள். விழுந்த கல்லை எடுக்க ஒரு இயந்திரம். பஸ் பழுதானால் அன்றைக்கே மாற்று பஸ், அடுத்த மாதம் அல்ல. நாள் சம்பளத்தை 1,350லிருந்து 1,750 ஆக்குவதற்கு எத்தனை பேச்சுவார்த்தை, எத்தனை வர்த்தமானி, எத்தனை மேடை! கூடிய அந்த 400 ரூபாவை மேல் டிவிசனிலிருந்து ஒரே ஒரு ஆட்டோப் பயணம் விழுங்கிவிடும். பாதை இல்லாத இடத்தில் சம்பள உயர்வு ஆட்டோக்காரனுக்குத்தான் போகும், அவனும் பாவம், உடைந்த அச்சுக்குக் கொடுத்துவிடுகிறான்.

இதெல்லாம் தலைவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் ஒவ்வொரு முறையும் அழகாய்ப் பேசுகிறார். பாதை முழுதாய்ப் போட்டு முடித்தால் அடுத்த முறை எதைப் பேசுவது? அதனால் தேர்தலுக்குத் தேர்தல் நூறு மீற்றர் போடுவார்கள். நூறு மீற்றருக்கு ஒரு அடிக்கல், ஒரு திறப்புவிழா, ஒரு கல்வெட்டு. சில இடத்தில் கொங்ரீட் போட்ட நீளத்தைவிடக் கல்வெட்டில் உள்ள பெயர்களின் நீளம் அதிகம். கொங்ரீட் இரண்டு மழைக்குப் பெயரும். கல்வெட்டு நிற்கும், அதற்கு மட்டும் நல்ல சீமெந்து.

மாகாண சபைத் தேர்தல் வரும், வரும் என்கிறார்கள். வந்தால் இவரும் வருவார். அப்போது தோட்டத்துத் தலைவர்மாருக்கும் மாதர் சங்கத் தலைவிமாருக்கும் சொல்ல ஒன்றே ஒன்று இருக்கிறது. மாலையை வாங்காதீர்கள், வாடகைக் கதிரை போடாதீர்கள், பெண்களை மலையிலிருந்து இறக்காதீர்கள். பசறை பஸ் நிலையத்தில் மற்றவர்களோடு வரிசையில் நின்று, டிக்கட் வாங்கி, நின்றுகொண்டே தோட்டத்துக்கு வரச் சொல்லுங்கள். வந்த பிறகு மூன்று கேள்வி. இந்தப் பாதை யாருடைய பொறுப்பு, எந்த அலுவலகத்தில் எந்த மேசையில் கோப்பு இருக்கிறது, எந்தத் திகதிக்குள் வேலை முடியும். பதிலை எழுதி, கையொப்பம் வாங்கி, சனசமூக நிலையத்துச் சுவரில் ஒட்டுங்கள். பதில் இல்லையென்றால் திரும்பிப் போகட்டும். கடைசி பஸ் போயிருந்தால் நடந்து போகட்டும்.